வடிகட்ட வேண்டாம்: மழைக்காலத்துக்கு ஒரு பரங்கிக்காய் சூப்

தமிழ் மரபு ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தது. அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் எனப்படும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான திங்கள்களில் தமிழகம் தன் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியைப் பெறுகிறது. வெயில் தணிகிறது, தாகம் அடங்குகிறது, நோயுற்றவர்கள் வழக்கத்தைவிடக் குறைவாகவே நீர் அருந்துகிறார்கள். “சூடாக ஏதேனும் குடிக்கக் கொடுக்கலாமா?” என்று உடனிருப்போர் எங்கள் உணவியல் பிரிவில் மிகுதியாகக் கேட்பதும் இக்காலத்தில்தான்.

கொடுக்கலாம். ஆயினும் எதைச் சூப் என்று கொடுக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். நோயாளிக்காக வீட்டிலிருந்து வரும் சூப்புகளில் பல, தெளிந்த சாறாகவே இருக்கின்றன. கேரட், பீன்ஸ், முட்டைக்கோசு ஆகியவற்றை நறுக்கி வேகவைத்து, மிளகுத்தூள் தூவி, காய்களையெல்லாம் வடிகட்டியில் நிறுத்திவிட்டு, நீரை மட்டும் பிளாஸ்கில் ஊற்றி எடுத்து வருகிறார்கள். சத்தெல்லாம் தண்ணீரில் இறங்கிவிட்டது என்பது அவர்கள் நம்பிக்கை. இறங்குவது உண்மையே. ஆனால் இறங்குபவை பெரும்பாலும் தாது உப்புகளும் நீரில் கரையும் வைட்டமின்களுமே. நார்ச்சத்தும், மாவுச்சத்தின் பெரும்பகுதியும், கேரட்டுக்கு அந்நிறத்தைத் தரும் பீட்டா கரோட்டினும் வடிகட்டியிலேயே தங்கிவிடுகின்றன. புரதமோ, தொடக்கத்திலிருந்தே அந்தப் பாத்திரத்தில் பெயரளவுக்குத்தான் இருந்தது.

இத்தகைய சாற்றை ஒரு வேளை அருந்துவதால் கேடில்லை. மூன்று வேளையும் அதுவே உணவாகும்போதுதான் இடர் தொடங்குகிறது. நீர் வயிற்றை நிறைத்துவிடுகிறது. “இப்போதுதானே சூப் குடித்தேன்” என்று நோயாளி இட்லியைத் தள்ளிவைக்கிறார். காய்ச்சலிலும் அறுவைக்குப் பின்னரும் உடலுக்குப் புரதத் தேவை கூடுகிறது. உணவில் அது கிடைக்காவிடில் உடல் தன் தசையைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். முதியவர்களிடம் இது விரைந்து நிகழும். நோய் தணிந்த பின்னும் எழுந்து நிற்கக் கால் வலுவின்றிப் போவதற்கும், புண் ஆறத் தாமதமாவதற்கும் இவ்வாறு கழிந்த நாள்களும் ஒரு காரணம்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. வயிற்று அறுவைக்குப் பிறகு தெளிந்த நீர்ம உணவு மட்டும் கொடுக்குமாறு மருத்துவர் எழுதியிருந்தால், அப்போது வடிகட்டுவதே முறை. அக்கட்டுப்பாடு எப்போது முடிகிறது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். பலர் கேட்பதில்லை, வடிகட்டியும் நோயாளியுடன் வீடு திரும்பிவிடுகிறது.

ஆட்டுக்கால் சூப்பையும் இங்கே குறிப்பிடுவது தகும். எலும்பிலுள்ள கால்சியம் முழுதும் சாற்றில் இறங்கிவிடும் என்று கருதுவோர் பலர். இறங்குவது மிகக் குறைவே. விரும்பி அருந்துவோரை நாங்கள் தடுப்பதில்லை. ஆனால் அது உணவுக்கு ஈடாகாது. கூதிர்க் குளிருக்கு ஏற்றதாய், முற்றிலும் காய்கறியும் பருப்பும் கொண்டதாய், உணவென்றே சொல்லத் தக்க ஒரு சூப்பை இவ்விதழில் கற்றுத் தருகிறோம்.

இதன் அடிப்படை பரங்கிக்காய். மஞ்சள் பூசணி என்றும், கொங்கு நாட்டில் அரசாணிக்காய் என்றும் அழைக்கப்படுவது இதுவே. வெந்ததும் தானே குழைந்து சாற்றைக் கெட்டியாக்கும் என்பதால் சோளமாவும் பாலேடும் தேவைப்படா. நன்கு முற்றிய காயை வெட்டாமல் வைத்தால் வாரக்கணக்கில் கெடாது. மழையில் சந்தைக்குச் செல்ல இயலாத நாளிலும் கைகொடுக்கும். காம்பு உலர்ந்து, கைக்குக் கனமாக இருக்கும் காயைத் தேர்ந்தெடுங்கள். வெட்டி விற்கும் கீற்றாயின் உள்நார் வழவழப்பின்றி இருக்கிறதா என்று பாருங்கள்.

நால்வருக்குத் தேவையானவை: தோல் சீவிய பரங்கிக்காய் 400 கிராம், பாசிப்பருப்பு 100 கிராம், அரிசி நொய் ஒரு மேசைக்கரண்டி, நடுத்தரக் கேரட் ஒன்று, சின்ன வெங்காயம் 10, பூண்டு 4 பல், இஞ்சி ஒரு சிறு துண்டு, மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, மிளகு அரைத் தேக்கரண்டி, நல்லெண்ணெய் நான்கு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, தண்ணீர் ஒரு லிட்டர்.

பாசிப்பருப்பை வெறும் வாணலியில் மணம் வரும் வரை வறுத்து, நொய்யுடன் சேர்த்துக் கழுவி, 20 நிமிடம் ஊறவையுங்கள். குக்கரில் எண்ணெயைக் காயவைத்துச் சீரகம் பொரிந்ததும் வெங்காயம், பூண்டு, இஞ்சியைச் சேர்த்து வதக்குங்கள். வெங்காயம் பொன்னிறமாக வேண்டியதில்லை. பளபளப்பாக மாறினால் போதும். இந்த வதக்கலில்தான் சூப்பின் சுவை பிறக்கிறது என்பதால் இதில் அவசரம் கூடாது. வெங்காயத்தின் இனிப்பு வெளிப்பட்டால் பின்னர் உப்பு குறைந்தாலும் நாக்கு குறை காணாது. பிறகு நறுக்கிய பரங்கிக்காய், கேரட், பருப்பு, நொய், மஞ்சள்தூள், தண்ணீர் ஆகியவற்றைச் சேர்த்து மூடி, நான்கு விசில் வரும் வரை வேகவிடுங்கள்.

ஆவி அடங்கியதும் திறந்து, மத்தால் கடையுங்கள். கீரை கடையும் மத்தே போதுமானது. மைய வேண்டுமெனில் மிக்ஸியில் அரைக்கலாம். ஆனால் ஆறிய பின்னரே அரைக்க வேண்டும். கொதிக்கும் சூப்பை மூடிய ஜாரில் ஊற்றி ஓட்டினால் ஆவியின் அழுத்தத்தால் மூடி தெறித்துக் கையையும் முகத்தையும் சுட்டுவிடும். கடைந்ததை அல்லது அரைத்ததை மீண்டும் அடுப்பிலேற்றி, நன்கு கொதித்ததும் உப்பும் பொடித்த மிளகும் சேர்த்து இறக்குங்கள். உப்பை இறுதியில் சேர்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உப்புக் கட்டுப்பாடு உள்ளவருக்குரிய பங்கை அதற்கு முன்னரே தனியே எடுத்துவைத்துவிடலாம். ஒரே சமையலில் வீட்டார் அனைவருக்கும் ஆகிவிடும்.

100 கிராம் பாசிப்பருப்பில் ஏறத்தாழ 24 கிராம் புரதம் உண்டு. நால்வராகப் பகிர்ந்தால் ஒரு கிண்ணத்துக்கு 6 கிராம். ஒரு கோழிமுட்டை தரும் புரதத்துக்கு இது ஏறத்தாழ நிகர். பருப்பில் குறைவாக உள்ள அமினோ அமிலத்தை அரிசியும், அரிசியில் குறைவானதைப் பருப்பும் ஈடுசெய்கின்றன. வெண்பொங்கலில் சேர்வதும் இவ்விரண்டே. நொய்யை நாங்கள் வலியுறுத்துவது இதனால்தான். எண்ணெயையும் விட்டுவிட வேண்டாம். பரங்கிக்காயின் பீட்டா கரோட்டினைக் குடல் ஏற்றுக்கொள்ளக் கொழுப்பு வேண்டும். பால் சேராத சூப் என்பதால், வயிற்றுப்போக்கிலிருந்து தேறிச் சில நாள் பால் செரிக்காதிருப்பவர்களும் இதை அருந்தலாம். அவர்களுக்கு மட்டும் எண்ணெயையும் மிளகையும் பாதியாகக் குறையுங்கள்.

உடல் மெலிந்து, இரண்டு வாய்க்கு மேல் உண்ண இயலாதவருக்குக் கிண்ணத்தின் அளவைக் கூட்டிப் பயனில்லை; அந்த இரண்டு வாயையே செறிவாக்க வேண்டும். நீரைக் குறைத்துச் சமைத்து, ஒரு மேசைக்கரண்டி வறுத்த நிலக்கடலை விழுதையோ இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்ப்பாலையோ அவர் கிண்ணத்தில் கலக்கலாம். நிலக்கடலை ஒவ்வாதவர்கள் இருப்பதால் முன்பே கேட்டறியுங்கள். இதய நோயாளிகளுக்குத் தேங்காய்ப்பால் வேண்டாம்.

இனி, யாருக்கு எதை மாற்றுவது என்று பார்ப்போம். இதில் மிக நுட்பமானது சிறுநீரக நோய். சிறுநீரகம் தளர்ந்தவரின் இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்தால் இதயத் துடிப்பே தடுமாறக்கூடும். காய்களின் பொட்டாசியம் வேகும் நீரில் இறங்கும். சூப்பில் நாம் அருந்துவதோ அந்த நீரையே. ஆகவே மேற்சொன்ன சூப் அவர்களுக்கு அப்படியே பொருந்தாது. பரங்கிக்காய்க்கு மாற்றாகச் சுரைக்காயைச் சிறு துண்டுகளாக நறுக்கி, மிகுதியான நீரில் வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் சூப் செய்ய வேண்டும். சுரைக்காயைச் சமைக்குமுன் நுனிநாக்கில் ஒரு துணுக்கை வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டுக் காய் முழுவதையும் எறிந்துவிடுங்கள். கசக்கும் சுரைக்காய் கடும் வாந்தியையும் இரத்தக் கசிவையும் உண்டாக்கும் நஞ்சுடையது. இவ்வெச்சரிக்கை எல்லோருக்குமே பொருந்தும்.

பருப்பின் அளவும் சிறுநீரக நோயாளிக்கு நிலைக்கேற்ப மாறும். டயாலிசிஸ் செய்துகொள்பவருக்குப் புரதம் கூடுதலாகத் தேவை. அந்நிலையை எட்டாதவருக்குப் பெரும்பாலும் அதைக் குறைக்கச் சொல்வோம். அடுத்த வீட்டாரின் அளவைப் பின்பற்றாமல் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். நாளொன்றுக்கு இவ்வளவு நீர் என்று வரையறுக்கப்பட்டிருந்தால் சூப்பும் அந்தக் கணக்கில் சேரும். கடைகளில் குறைந்த சோடியம் உப்பு என்று விற்கப்படுவனவற்றுள் பலவற்றில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருப்பதால் அவர்கள் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்களுக்குப் பரங்கிக்காயின் இனிப்பு குறித்து அச்சம் உண்டு. ஒரு கிண்ணத்தில் 100 கிராம் காயே சேர்வதால் அந்த அச்சம் மிகையானது. சோளமாவும் உருளைக்கிழங்கும் சேர்ப்பதுதான் சர்க்கரையை உயர்த்தும். நாங்கள் அஞ்சுவது வேறொன்றை. வழக்கமான அளவு இன்சுலினையோ சில வகை மாத்திரைகளையோ எடுத்துக்கொண்டு, இரவுணவுக்கு ஒரு கிண்ணம் சூப்போடு படுத்துவிட்டால் நள்ளிரவில் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம். பசியில்லாத நாளில் சூப்புடன் இரண்டு இட்லியேனும் உண்ண இயலுமா என்று பாருங்கள். இயலாதெனில் மருந்தின் அளவைப் பற்றி முன்னரே மருத்துவரிடம் கேட்டு வைத்திருங்கள்.

பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்கத் தடுமாறுபவர்களுக்கு, நீர்த்த பொருள் எளிது என்று தோன்றும். உண்மை அதற்கு மாறானது. நீர்த்தது விரைந்து ஓடி மூச்சுக்குழலில் இறங்கிவிடக்கூடும். நீரும் காய்த்துண்டும் கலந்த சூப் அதனினும் கடினம். அவர்களுக்கு மைய அரைத்து ஒரே சீராகக் கொடுக்க வேண்டும். எவ்வளவு கெட்டியாக என்பதை விழுங்கல் பயிற்சியாளர் சொல்வார். நிமிர்ந்து உட்காரவைத்து, தேக்கரண்டியால் சிறிது சிறிதாகக் கொடுத்து, முடித்த பின்னும் அரை மணி நேரம் படுக்கவிடாதீர்கள். இருமல் வந்தாலோ குரல் ஈரமாகக் கரகரத்தாலோ உடனே நிறுத்துங்கள்.

புற்றுநோய்ச் சிகிச்சையில் வாய்ப்புண் கண்டவருக்கு மிளகும் இஞ்சியும் எரியும். அவற்றை நீக்கி வெதுவெதுப்பாகக் கொடுங்கள். குமட்டலின்போது உணவின் மணமே பகையாகிறது. சூடு குறைந்தால் மணமும் குறையும். வெள்ளணுக்கள் குறைந்திருப்பவருக்கு இறக்கிய பின் பச்சைக் கொத்தமல்லி தூவ வேண்டாம், கொதிக்கும்போதே சேர்த்துவிடுங்கள். முருங்கைக்கீரை சேர்க்க விரும்புவோர் வார்ஃபரின் மாத்திரை உட்கொள்பவராயின், கீரையிலுள்ள வைட்டமின் கே அம்மருந்தின் ஆற்றலைக் குறைக்கும் என்பதை அறிந்திருக்க வேண்டும். கீரையை அறவே விலக்க வேண்டியதில்லை. திடீரெனக் கூட்டவோ குறைக்கவோதான் கூடாது.

உடனடி சூப் பொட்டலங்களைப் பற்றியும் கேட்கிறார்கள். அவற்றில் உப்பு மிகுதி, புரதம் சொற்பம். ஒரு நாளுக்கான உப்பு முழுதும் 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், அடங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மேற்சொன்ன சூப்பில் ஒரு கிண்ணத்துக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகவே சேர்கிறது.

மருத்துவமனைக்கு எடுத்து வருவோர், பிளாஸ்கில் முதலில் கொதிநீரை ஊற்றிச் சில நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, கொதிக்கும் சூப்பை நிரப்ப வேண்டும். அப்போதுதான் கிருமி பெருகாத 60 டிகிரிக்கு மேல் சூடு நிற்கும். சாதாரணத் தூக்கில் கொண்டுவந்தால் சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். வீட்டில் மீந்ததை அகலமான பாத்திரத்தில் விரைந்து ஆறவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் தேவையான அளவை மட்டும் எடுத்துக் கொதிக்கவையுங்கள். எச்சில் கரண்டி பட்ட சூப்பை அடுத்த வேளைக்கு வைக்க வேண்டாம். பிளாஸ்கின் மேல் நோயாளியின் பெயர், படுக்கை எண், சமைத்த நேரம், உப்பு சேர்த்ததா சேர்க்காததா ஆகிய நான்கையும் எழுதி ஒட்டிவிடுங்கள். நீங்கள் வெளியே சென்றிருக்கும் வேளையில் செவிலியர் அதைப் பார்த்தே எடுத்துக் கொடுப்பார்.