கலப்பு மணக் குடும்பம் மேடிசனில் குடியேற: சில பயனுள்ள குறிப்புகள்

ஒரு பெரிய பல்கலைக்கழகத்தைச் சுற்றி வளர்ந்த நடுத்தர நகரங்கள் அமெரிக்காவின் நடுமேற்கில் நிறைய உண்டு. மிச்சிகனில் ஆன் ஆர்பர், மிசௌரியில் கொலம்பியா, அயோவாவில் அயோவா சிட்டி, விஸ்கான்சினில் மேடிசன். கணவர் தமிழர், மனைவி வெள்ளையர். மனைவி தமிழர், கணவர் கறுப்பினத்தவர். இப்படிப்பட்ட குடும்பங்கள் வேலைக்கும் படிப்புக்குமாக இந்த ஊர்களுக்கு வந்துகொண்டே இருக்கின்றன. இந்தக் குறிப்புகள் மேடிசனை மனத்தில் வைத்து எழுதியவை. மெண்டோட்டா, மொனோனா என்ற இரண்டு ஏரிகளுக்கு நடுவே நகர மையம் ஒடுங்கிக் கிடக்கும் ஊர் அது. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 2 லட்சத்து 70 ஆயிரம். ஆன் ஆர்பருக்கோ கொலம்பியாவுக்கோ போகிறவர்களுக்கும் இவற்றில் பெரும்பாலானவை பயன்படும்.

1. ஊரின் நல்ல பெயரை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். 1996-இல் ‘மணி’ பத்திரிகை அமெரிக்காவிலேயே வாழச் சிறந்த ஊர் என்று மேடிசனைத் தேர்ந்தெடுத்தது. அதே மேடிசன் அடங்கிய டேன் கவுன்ட்டியில் கறுப்பினக் குழந்தைகளில் 74 சதவீதம் பேர் வறுமையில் இருந்தார்கள், வெள்ளைக் குழந்தைகளில் 5.5 சதவீதம்தான் என்று 2013-இல் ‘ரேஸ் டு ஈக்விட்டி’ அறிக்கை சொன்னது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் கலப்பு மணத் தடைகளை 1967-இல்தான் ஒழித்தது. விஸ்கான்சினில் அப்படியொரு சட்டம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆனால் ஊரிலேயே முற்போக்கானது என்று பெயரெடுத்த வில்லியம்சன் தெருவில்தான் 2015 மார்ச்சில் டோனி ராபின்சன் என்ற 19 வயது இளைஞர் போலீஸ் குண்டுக்குப் பலியானார். கையில் ஆயுதம் இல்லை. அவருடைய தாய் வெள்ளையர், தந்தை கறுப்பினத்தவர். ஊர் நல்லதா கெட்டதா என்று கேட்பதில் அர்த்தமில்லை. எந்தத் தெரு, எந்தப் பள்ளி, எந்த மருத்துவர் என்று கேளுங்கள். கீழே உள்ளவை எல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து வந்தவைதான்.

2. ஊரைப் பார்க்க ஜூன் மாதம் போகாதீர்கள். ஏரிக்கரையில் ஐஸ்க்ரீம் சாப்பிட்டால் எந்த ஊரும் பிடித்துவிடும். பிப்ரவரியில், ஒரு வேலை நாளில், பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்று பாருங்கள். யார் யாரோடு பேசிக்கொண்டு வருகிறார்கள், அழைத்துப் போக வந்த பெற்றோர் எப்படிக் கலந்து நிற்கிறார்கள் என்பதை எந்த இணையதளமும் சொல்லாது.

3. “இந்தப் பக்கம் எந்த இனத்தவர் அதிகம்?” என்று வீட்டு ஏஜென்ட்டிடம் கேட்டால் நழுவுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. 1968-இன் வீட்டுவசதிச் சமத்துவச் சட்டம், இனம் பார்த்து ஆளை ஒரு பகுதிக்குத் தள்ளுவதைத் தடுக்கிறது. அதனால் ஏஜென்ட்டுகள் இந்தப் பேச்சையே தவிர்ப்பார்கள். பதிலை நீங்களே எடுத்துக்கொள்ளலாம்: மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தளத்தில் பகுதிவாரியாக இருக்கிறது, மாநிலக் கல்வித் துறை வெளியிடும் பள்ளி அறிக்கைகளில் எந்தப் பள்ளியில் எந்த இனக் குழந்தைகள் எத்தனை சதவீதம் என்பது இருக்கிறது. ஒரே ஊருக்குள் பள்ளிக்குப் பள்ளி வித்தியாசம் கண்ணைப் பறிக்கும். ஃபிட்ச்பர்க், சன் ப்ரெய்ரி, மிடில்டன், வெரோனா போன்ற சுற்றுவட்டார ஊர்களையும் சேர்த்துப் பாருங்கள். மருத்துவமனை மென்பொருள் செய்யும் எபிக் நிறுவனம் வெரோனாவில் இருப்பதால் அந்தப் பக்கம் இந்தியக் குடும்பங்கள் உண்டு.

4. வாடகை வீடு பார்க்க ஒரு முறை நிறம் கூடிய துணைவர் தனியாகப் போகட்டும். அவருக்கு “வீடு போய்விட்டது” என்ற பதிலும், மறுநாள் வெள்ளைத் துணைவருக்குச் சாவியும் கிடைத்தால் அதைத் தேதி, நேரம், பேசியவர் பெயரோடு எழுதி வையுங்கள். மத்திய அரசின் வீட்டுவசதித் துறையிடம் ஒரு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம்.

5. மேடிசன் நகர மையத்தில் பெரும்பாலான லீஸ்கள் ஆகஸ்ட் 14 நண்பகலோடு முடிந்து, 15 நண்பகலில்தான் புதியவை தொடங்குகின்றன. நடுவில் ஒரு ராத்திரி பலருக்கு வீடே இருக்காது. குழந்தையோடு வருகிறவர்கள் ஹோட்டல் அறையையும் லாரியையும் முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் மாணவர் நெருக்கடி குறைந்த வெளிப்பகுதிகளில் வேறு தேதியில் லீஸ் கேளுங்கள். அந்த நாட்களில் தெருவோரம் சோபா, மேசை, புத்தக அலமாரி எல்லாம் குவிந்து கிடக்கும். ‘ஹிப்பி கிறிஸ்துமஸ்’ என்பார்கள். மரச் சாமான்களை எடுக்கலாம். மெத்தை, சோபா, பஞ்சு வைத்த எதையும் தொட வேண்டாம். மூட்டைப்பூச்சியும் கூடவே வரும்.

6. இலையுதிர் காலச் சனிக்கிழமைகளில் வீடு மாறத் திட்டமிடாதீர்கள். கேம்ப் ராண்டல் மைதானத்தில் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் இருந்தால் 70 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் திரள்வார்கள். அந்தப் பக்கம் வண்டியே நகராது.

7. பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் இனம் கேட்கும் இடத்தில் ஒரு பெட்டியைத்தான் டிக் செய்ய வேண்டும் என்பதில்லை. ஆசியர், வெள்ளையர் இரண்டையும் குறிக்கலாம். 2000 கணக்கெடுப்பிலிருந்தே ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களைக் குறிக்க வழி வந்துவிட்டது. 2020-இல் அப்படிக் குறித்தவர்கள் 3 கோடியே 38 லட்சம் பேர். படிவத்தைக் காலியாக விட்டால் பள்ளி அலுவலர் பார்வையிலேயே ஒன்றை முடிவு செய்து எழுதிவிடலாம். பிள்ளைக்கு விவரம் தெரியும் வயதென்றால் பிள்ளையையும் கேட்டுக் குறியுங்கள்.

8. டேகேரில் சேர்க்கும் முன் கைக்குழந்தையின் முதுகிலும் பிட்டத்திலும் நீலச்சாம்பல் திட்டுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். தமிழ், ஆசிய, ஆப்பிரிக்க வம்சக் குழந்தைகளுக்கு இவை சாதாரணம். பிறவியிலேயே இருக்கும், வளர வளர மங்கும். வெள்ளைக் குழந்தைகளையே பார்த்துப் பழகிய ஊழியருக்கு இது அடிபட்ட கன்றல் மாதிரித் தோன்றும். குழந்தை வதை என்ற சந்தேகம் வந்தால் அரசுக்குத் தெரிவிப்பது அவர்களுடைய சட்டக் கடமை. எனவே முதல் பரிசோதனையிலேயே குழந்தை மருத்துவரிடம் சொல்லி, இடம், அளவு எல்லாவற்றையும் மருத்துவக் குறிப்பில் பதிந்து, அதன் நகலை டேகேரிலும் கொடுத்து வையுங்கள். போட்டோவும் எடுத்து வைக்கலாம். ஐந்து நிமிட வேலை. இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்கிறவர்கள் இதைச் செய்யுங்கள்.

9. விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி கறுத்த தோலில் அளவை அதிகமாகக் காட்டக்கூடும். மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், கருவி காட்டாமல் விட்ட ஆக்சிஜன் குறைவு வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய 3 மடங்கு இருந்தது. மூச்சுத்திணறலோடு போகும்போது இதை மருத்துவரிடம் நினைவுபடுத்தத் தயங்காதீர்கள். வைட்டமின் டி பற்றியும் கேளுங்கள். மேடிசனின் குளிர்கால வெயில் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் போதாது.

10. முடி. இதைச் சின்ன விஷயம் என்று நினைக்கும் தமிழ் வீடுகள் அதிகம். தந்தை கறுப்பினத்தவர் என்றால் பிள்ளையின் முடி பெரும்பாலும் நெருங்கிய சுருளாக இருக்கும். நம் வழக்கப்படி தினமும் சீப்பு போட்டு இழுத்தால் உடையும். வாரம் ஒரு முறை அலசினால் போதும். ஈரமாக இருக்கும்போதே, கண்டிஷனர் தடவி, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே சிக்கெடுக்க வேண்டும். தேங்காய் எண்ணெயை உலர்ந்த முடியில் நேராகத் தடவினால் மேலேயே நிற்கும். முதலில் தண்ணீர் அல்லது நீர்ப்பசையுள்ள கிரீம், அதன் மேல்தான் எண்ணெய். ராத்திரி சாட்டின் துணித் தொப்பி. குளிர்காலக் கம்பளித் தொப்பியின் உள்ளேயும் சாட்டின் வைத்துத் தைத்துவிடுங்கள். கம்பளி, முடியின் ஈரத்தை உறிஞ்சிவிடும். மேடிசனில் கறுப்பின முடிக்கலைஞர்களின் கடைகள் குறைவுதான், முன்பதிவு நீளும். வீடு மாறும் முன்பே ஒருவரைத் தேடிப் பேசிவிடுங்கள். இன்னொன்று: அந்தக் கடைகளில் காத்திருக்கும் நேரத்தில்தான் எந்தப் பள்ளி, எந்த ஆசிரியர், எந்தத் தெரு என்று உண்மையான தகவல்கள் கிடைக்கும்.

11. குளிர்காலம். நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை, இரவு 1 மணியிலிருந்து காலை 7 மணி வரை, மேடிசனின் பெரும்பாலான தெருக்களில் ஒரு பக்கம் மட்டுமே காரை நிறுத்தலாம். ஒற்றைப்படைத் தேதியில் ஒற்றைப்படை வீட்டு எண்கள் உள்ள பக்கம். இரட்டைப்படைத் தேதியில் எதிர்ப்பக்கம். பனி பெய்யாவிட்டாலும் அபராதம் உண்டு. குழந்தைக்குப் பருத்த கோட்டைப் போட்டு, அதன் மேல் கார் சீட் பெல்ட்டை மாட்டாதீர்கள். கோட்டின் தடிப்பால் பெல்ட் தளர்வாகவே இருக்கும், விபத்தில் குழந்தை நழுவும். பெல்ட்டை மாட்டிய பிறகு கோட்டை மேலே போர்த்துங்கள். ஹீட்டர் காற்றில் கறுத்த தோல் சாம்பல் பூத்துப்போகும். குளித்த ஈரத்தோடு வாசலின் தடவுவது விலை உயர்ந்த லோஷன்களைவிட நன்றாக வேலை செய்கிறது.

12. காய்கறிக்கு ஏப்ரல் முதல் நவம்பர் வரை சனிக்கிழமைகளில் சட்டசபைக் கட்டடத்தைச் சுற்றி நடக்கும் உழவர் சந்தைக்குப் போங்கள். 1972-இலிருந்து நடக்கிறது, விளைவித்தவர்தான் விற்கலாம். அங்கே ஹ்மாங் விவசாயிகளின் கடைகளைத் தேடுங்கள். லாவோஸ் போருக்குப் பிறகு அகதிகளாக வந்து விஸ்கான்சினில் வேரூன்றியவர்கள். சின்ன மிளகாய், கொத்தமல்லி, பாகற்காய், நீளப் பயத்தங்காய் எல்லாம் பருவத்தில் அவர்களிடம் கிடைக்கும். மளிகைக்கு மாதம் ஒரு முறை 150 மைல் தள்ளி சிகாகோவின் இந்தியக் கடைத்தெருவான டெவன் அவென்யூவுக்கு ஓட வேண்டியதில்லை. அங்கே போவது சாப்பிடுவதற்காக இருக்கட்டும்.

13. விஸ்கான்சின், கணவன் மனைவி சொத்தைப் பொதுவாகக் கருதும் மாநிலம். இந்தச் சட்டம் 1986 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. கல்யாணமான இருவரும் இங்கே குடியேறிய பிறகு யார் சம்பாதித்தாலும் அது இருவருக்கும் பாதி. பலர் கவனிக்காத இடம் வேறொன்று: ஊரில் அப்பா எழுதிவைத்த வீடு உங்கள் தனிச் சொத்தாகவே இருக்கும், ஆனால் அதிலிருந்து வரும் வாடகை பொதுச் சொத்தாகிவிடும். வேறு ஏற்பாடு வேண்டுமானால் எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். குடியேறும் முன்பே வக்கீலைப் பார்த்துவிடுங்கள். மாநில ஓட்டுநர் உரிமம் 60 நாளுக்குள் வாங்க வேண்டும். இந்தியரை மணந்த வெளிநாட்டவர், திருமணம் பதிவாகி 2 வருடம் ஆன பிறகு ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். விஸ்கான்சின்காரர்களுக்கு அதற்கான இடம் சிகாகோவில் உள்ள இந்தியத் துணைத் தூதரகம்.

14. உங்கள் நிறம் இல்லாத பிள்ளையோடு தனியாக விமானம் ஏறும்போது பிறப்புச் சான்றிதழின் நகலும், துணைவரின் ஒப்புதல் கடிதமும் கையில் இருக்கட்டும். கடிதத்தில் நோட்டரி முத்திரை இருந்தால் நல்லது.

15. “குழந்தை உங்களுடையதா?”, “தத்தெடுத்ததா?” என்று கடை வரிசையில் கேட்பவர்கள் இருப்பார்கள். நடுமேற்கு மக்கள் முகம் சுளிக்க மாட்டார்கள், குரலும் உயர்த்த மாட்டார்கள், சிரித்துக்கொண்டேதான் கேட்பார்கள். “ஆமாம், என் பெண்தான்” என்ற ஒரு வரி போதும். விளக்கம் கேட்டவருக்காக இல்லை, பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்காகத்தான் பதில் சொல்கிறோம். அவமதிப்பு நடந்தால் யாரைக் குறிவைத்தார்களோ அவர் பேசக் காத்திருக்காமல் மற்றத் துணைவர் பேச வேண்டும். இதை வீட்டிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

16. விசிட்டர் விசாவில் ஆறு மாதம் தங்க ஊரிலிருந்து பாட்டி தாத்தா வரும்போது மேலே சொன்னதைவிடச் சிக்கலான வேலை ஒன்று உண்டு. “பெரியவன் நல்ல கலர், சின்னவதான் அப்பா மாதிரி” என்று ஆசையாகத்தான் சொல்வார்கள். பிள்ளைகளுக்குத் தமிழ் அரைகுறையாகப் புரிந்தாலும் இது மட்டும் முழுதாகப் புரியும். விமானம் ஏறும் முன்பே அம்மாவிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்: “அம்மா, இந்த வீட்டில் நிறப் பேச்சு வேண்டாம்.” ஒரு நாள் கோபப்படுவார்கள், அவ்வளவுதான். வெள்ளையர்களிடம் எதிர்பார்க்கும் நாகரிகத்தை நம் வீட்டில் எதிர்பார்க்கத் தயங்குவது எனக்குப் புரியாத விஷயம்.

17. கல்லூரி ஊரில் நண்பர்கள் மே மாதம் போய்விடுவார்கள். ஆராய்ச்சி முடிந்தது, வேறு ஊரில் வேலை என்று வரிசையாக விடைபெறுவார்கள். பிள்ளைகள்தான் அதிகம் வாடுவார்கள். மாணவர் குடும்பங்கள் வாழும் ஈகிள் ஹைட்ஸ் குடியிருப்பில் பல நாட்டவரும் பழகக் கிடைப்பார்கள், ஆனால் நிலைத்திருக்க மாட்டார்கள். அக்கம்பக்கத்தார், நூலகம், நீச்சல் வகுப்பு, தேவாலயம், ஃபிட்ச்பர்க் கோயில் என்று தங்குகிறவர்களிடமும் நட்பு வையுங்கள். பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மொழிக் கோடைப் பள்ளியில் தமிழும் கற்றுக்கொடுத்து வந்திருக்கிறார்கள். மாமியாரோடு பேச ஆசைப்படும் மருமகளோ மருமகனோ இருந்தால் இந்த ஆண்டு வகுப்பு உண்டா என்று விசாரியுங்கள்.

18. முதல் வருடம் வீடு வாங்காதீர்கள். லீஸ் எடுங்கள். பள்ளி, மருத்துவர், முடிவெட்டும் கடை மூன்றும் அமைந்து, ஒரு முழுக் குளிர்காலம் அந்தத் தெருவில் கழிந்த பிறகு வாங்கலாம்.