குடியை நிறுத்திய மூன்றாம் நாள்

பல்லாண்டுகள் நாள்தோறும் சம்சு அருந்தி வந்த ஒருவர் ஒரே நாளில் குடியை நிறுத்துகிறார். மறுநாள் கைகள் நடுங்குகின்றன, வியர்வை பெருகுகிறது, உறக்கம் வருவதில்லை. மூன்றாம் நாள், சுவரில் பூச்சிகள் ஊர்வதாகக் கூறி அலறுகிறார். யாரோ அழைப்பதாக இருட்டில் எழுந்து ஓடுகிறார். லயத்திலுள்ளோர் பேய் பிடித்ததென்று எண்ணிப் பூசாரியையோ போமோவையோ நாடுகின்றனர். இவ்வாறு கழியும் ஓரிரவு அவர் உயிருக்கே ஆபத்தாகலாம். இது மருத்துவத்தால் தீரக்கூடிய நோய் என்பதை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

காரணம் என்ன?

மது மூளையின் செயலை மந்தப்படுத்துகிறது. நாள்தோறும் மதுவுக்குப் பழகிய மூளை அதற்கு ஈடாகத் தன் கிளர்ச்சியை மிகுத்துக்கொள்கிறது. மது திடீரென நின்றதும் அக்கிளர்ச்சி கட்டுக்கடங்காமற்போகிறது. முதல் இரண்டு நாள்களில் வலிப்பு வரக்கூடும். இரண்டு முதல் நான்கு நாள்களுக்குள் மனக்குழப்பமும் பொய்த்தோற்றங்களும் தோன்றலாம்.

மறைந்திருக்கும் குறை

சரிவர உண்ணாது குடிப்பவரின் உடலில் பி1 உயிர்ச்சத்து குறைகிறது. இச்சத்தைப் பற்றிய அறிவுக்கு நம் நாடும் துணைநின்றது. 1905ஆம் ஆண்டில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வில்லியம் பிளெச்சர் ஒரு பிரிவினருக்குத் தீட்டிய பச்சரிசியும் மற்றொரு பிரிவினருக்குப் புழுங்கலரிசியும் அளித்தார். பச்சரிசி உண்டோரிடையே பெரிபெரி நோய் பரவியது. புழுங்கலரிசி உண்டோர் தப்பினர். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள பி1 அரிசிக்குள் இறங்குவதே காரணமெனப் பின்னர்த் தெரிந்தது. குடிப்பவரிடம் இச்சத்து மிகக் குறைந்தால் நடை தள்ளாடும், பார்வை இரட்டையாகும், நினைவாற்றல் நிரந்தரமாகக் கெடவும் கூடும். இதனைப் போதையெனக் கருதி விட்டுவிடலாகாது.

செய்ய வேண்டியவை

1. மிகுதியாகக் குடிப்பவரை உடனே நிறுத்துமாறு கட்டாயப்படுத்தலாகாது. முதலில் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கிற்கு அழைத்துச் சென்று, மருத்துவர் கூறும் முறைப்படி நிறுத்த வேண்டும்.

2. வலிப்போ மனக்குழப்பமோ கண்டால், 999ஐ அழைத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவில் சேர்க்க வேண்டும். அறையில் பூட்டிவைக்கலாகாது.

3. எவ்வளவு குடித்தார், எப்போது நிறுத்தினார் என்பவற்றை மறைக்காமல் மருத்துவரிடம் கூற வேண்டும். அதனைக் கொண்டே அவர் அமைதிப்படுத்தும் மருந்தையும் பி1 ஊசியையும் தீர்மானிப்பார்.

1937ஆம் ஆண்டு தம்போயில் திறக்கப்பட்ட பெர்மாய் மருத்துவமனையின் பெயரைக் கேட்டு அஞ்சி, நோயை மறைக்கும் குடும்பங்கள் ஜொகூரில் உண்டு. இந்நோய்க்கு உடனடித் தேவை அருகிலுள்ள பொது மருத்துவமனையே. தக்க சிகிச்சை பெற்றவர் பெரும்பாலும் சில நாள்களில் தெளிவடைவர். வெட்கம் கருதிக் காலந்தாழ்த்தாமல் நம்மவர் உயிரைக் காப்போமாக!