‘சொல்லுதேன்’ ஐரோலியில் நிலைக்குமா?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரி நான். கல்யாணமாகித் தாராவிக்கு வந்தேன். பிறகு ஐரோலியில் ஃப்ளாட் வாங்கிக் குடிவந்தோம். தாராவியில் இருந்தவரை என் பேச்சு மாறவில்லை. இங்கே வந்த பிறகு மாறிவிட்டது. ஆபீசில் இருக்கும் தமிழர்கள் சென்னை, கோவைக்காரர்கள். நான் வாயைத் திறந்தாலே சிரிப்பார்கள். அதனால் அடக்கிப் பேசிப் பழகிவிட்டேன். ஊருக்குப் போன் போட்டால் அம்மா, “என்னட்டி, பம்பாய்க்காரி கணக்கா பேசுத” என்கிறாள். ஏழு வயது மகள் இந்தி ராகத்தில் தமிழ் பேசுகிறாள். ‘பழம்’ என்பதை ‘பலம்’ என்கிறாள். போன லீவில் ஊர்ப் பிள்ளைகள் கேலி செய்ததால், அங்கே வாயே திறக்கவில்லை. என் பேச்சைக் காப்பாற்றிக்கொள்ள முடியுமா? மகளுக்கும் அதைக் கொடுக்க வேண்டுமா, இல்லை நல்ல தமிழ் மட்டும் போதுமா?
— ஒரு வாசகி, ஐரோலி, நவி மும்பை

பதில்: தாராவியில் இருந்தவரை மாறவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

திருநெல்வேலிப் பக்கத்து மக்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே தோல் பதனிடும் வேலைக்காகத் தாராவிக்கு வந்தவர்கள். தனித்தனியாக வரவில்லை. ஒருவர் வந்து, தம்பியை அழைத்து, தம்பி மச்சானை அழைத்து, ஊர் ஊராகவே வந்து சேர்ந்தார்கள். அங்கே தண்ணீர் பிடிக்கும் இடத்திலும் மளிகைக்கடையிலும் கோயில் வாசலிலும் காதில் விழுவது ஒரே பேச்சு. அதைக் காப்பாற்ற யாரும் தனியாக மெனக்கெட வேண்டியிருக்கவில்லை. மாட்டுங்காவில் பாலக்காட்டுக்காரர்களின் தமிழ் தலைமுறை தாண்டி நின்றதும் இப்படித்தான். ஐரோலியின் செக்டார்களோ மகாராஷ்டிர அரசின் சிட்கோ நிறுவனம் திட்டம் போட்டுக் கட்டியவை. ஒரே மாடியில் மராத்தி, குஜராத்தி, மலையாளம், தமிழ் என்று கதவுக்குக் கதவு மொழி மாறும். உங்கள் நாக்கில் குறை எதுவும் இல்லை. அதே பேச்சில் பேச ஆள் இல்லாமல் போனதுதான் குறை.

வளர்ந்தபின் ஊர் மாறியவர்களுக்குப் பிறந்த ஊர்ப் பேச்சு லேசில் போய்விடாது. முதலில் மாறுவது சொற்கள். நாக்கா, கோலி, சால் போன்ற மும்பைச் சொற்கள் உங்கள் தமிழில் எப்போதோ ஏறியிருக்கும். ராகம் மாற இன்னும் காலம் ஆகும். ‘சொல்லுதேன்’, ‘வந்தாவ’, ‘எப்பம்’ போன்றவை அடியில் கிடக்கும். கோபத்திலோ அவசரத்திலோ எது வருகிறது என்று கவனியுங்கள். மகள் பால் டம்ளரைத் தட்டிவிட்ட நிமிஷம் ‘ஏட்டி’ என்றுதான் கத்தியிருப்பீர்கள். சென்னைத் தமிழில் கத்தியிருக்க மாட்டீர்கள்.

நாஞ்சில் நாடனைப் படித்திருப்பீர்கள். மும்பையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் எழுதிய நாவல் ‘தலைகீழ் விகிதங்கள்’, 1977இல் வந்தது. நாஞ்சில் நாட்டுப் பேச்சு அப்படியே அதில் இருக்கிறது. ஊரை விட்டு அத்தனை தூரம் போயும் அந்தப் பேச்சு அவர் காதில் தேயவில்லை. பம்பாயில் இருக்கிறோமே என்று அதைப் பொதுத்தமிழாக்கி எழுதவும் அவர் முனையவில்லை. எனக்கு அது பெரிய தைரியமான காரியம்.

எனக்குக் கவலை தருவது நீங்கள் அடக்கிப் பேசுவதுதான். அமெரிக்காவில் வில்லியம் லபோவ் என்ற மொழியியலாளர் மார்த்தாஸ் வினியார்டு தீவின் பேச்சை ஆராய்ந்து 1963இல் எழுதினார். வெளியூர்க்காரர்கள் கோடைக்கு வந்து நிறையும் தீவு அது. தீவே தன் இடம் என்று நினைத்தவர்களின் உச்சரிப்பில் ஊர் வாடை கூடியிருந்தது; கிளம்பிவிட நினைத்தவர்களிடம் குறைந்திருந்தது. தான் எந்த ஊர்க்காரன் என்று ஒருவன் மனசுக்குள் வைத்திருப்பது நாக்கு வரை வந்துவிடுகிறது. சிரிப்புக்குப் பயந்து தினமும் எட்டு மணி நேரம் மறைத்தால், வீட்டுக்கு வந்தபின்னும் அந்த மறைப்பு நாக்கில் ஒட்டிக்கொள்ளும்.

சிரிப்பவர்கள் பேசுவதும் வட்டார வழக்குதான். சினிமாவும் டிவியும் பழக்கிவிட்டதால் அது பொதுவாகத் தெரிகிறது. ‘நல்ல தமிழ்’ என்று நீங்கள் சொல்வது எழுத்துத் தமிழானால், அது எந்த வீட்டிலும் பேச்சாக வருவதில்லை. பள்ளிக்கூடத்தில் படித்து வருவது. மகள் அதைப் படிக்கட்டும், அவசியம் படிக்க வேண்டும். ஆனால் உங்கள் பேச்சின் இடத்தில் அதை வைக்காதீர்கள். படித்த தமிழில் கட்டுரை எழுதலாம், ஆச்சியிடம் சண்டை போட முடியாது.

கேலிக்கு ஆளான பேச்சு நிமிர்ந்து நிற்பதைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். ஐரோலியிலேயே, உங்கள் செக்டாரைத் தாண்டினால் பழைய கிராமங்கள் இருக்கின்றன. ஆக்ரி, கோளி மக்களின் ஊர்கள். நவி மும்பை எழுந்ததே இவர்கள் போன்றவர்களின் நிலத்தில்தான். அவர்களின் மராத்தி புனே மராத்தி இல்லை. புனேக்காரர் ‘பாணீ’ என்னும் தண்ணீர் அவர்களுக்குப் ‘பானீ’. அதற்காக அவர்களும் கேலிப்பட்டவர்கள்தான். இன்று ஆக்ரிப் பாட்டு ஒலிக்காத கல்யாண ஊர்வலம் அந்தப் பக்கத்தில் அபூர்வம். அந்தத் தெருக்களில் ஒரு நடை நடந்து காது கொடுத்துப் பாருங்கள்.

இனி மகள். அவள் உங்களைப் போலவே பேச மாட்டாள். இதை மனசார ஏற்றுக்கொள்ளுங்கள். பிள்ளைகள் அம்மாவைப் போலப் பேசுவதைவிட, தங்களோடு விளையாடும் பிள்ளைகளைப் போலத்தான் பேசுவார்கள். கனடாவிலிருந்து இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்த பிள்ளைகளைப் பற்றி மொழியியலாளர் ஜே.கே. சேம்பர்ஸ் 1992இல் எழுதியதிலும் இதுதான்: சின்னவர்கள் புது ஊர்ப் பேச்சை நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். அவளுக்கு நீங்கள் கொடுக்க முடிவது உங்கள் பேச்சைக் கேட்டவுடன் புரிந்துகொள்ளும் காதும், வேண்டும்போது அதில் பேசிப் பார்க்கும் துணிச்சலும். அது சின்னச் சொத்து இல்லை.

‘பலம்’ என்பதற்காகக் கவலைப்படாதீர்கள். நம் நெல்லையில் மட்டும் எத்தனை பேர் ‘பழம்’ என்கிறார்கள்? ‘வாளப்பளம்’தானே! அவளுக்கு ‘ழ’ பிறகு வரட்டும், முதலில் ‘ள’ வந்தால் போதும். இந்தியில் ‘ள’ இல்லை, ஆனால் மராத்தியில் உண்டு. பள்ளிக்கூடத்துக்கு மராத்தியில் ‘ஷாளா’ என்றுதானே பெயர்? அவள் ஷாளா என்று சொல்லும்போது நாக்கு மேலே மடிவதைக் கண்ணாடியில் காட்டுங்கள். அதே மடிப்பில் ‘பளம்’ சொல்லச் சொல்லுங்கள். விளையாட்டாகச் செய்ய வேண்டும். சாப்பாட்டு நேரத்தில், பேச்சின் நடுவே நிறுத்தித் திருத்தவே கூடாது. திருத்தித் திருத்தித்தான் பல வீடுகளில் பிள்ளைகள் தமிழில் கேட்டதற்கு இந்தியில் பதில் சொல்லப் பழகுகிறார்கள்.

உங்களுக்கும் அவளுக்கும் சேர்த்து ஒரு ஏற்பாடு. பாலம் தாண்டி முலுண்டில் லோக்கல் ஏறினால் சயானில் இறங்கித் தாராவிக்குப் போய்விடலாம். உங்கள் பழைய அக்கம்பக்கம் அங்கேதான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் போய், உங்கள் வயதுப் பெண்களோடு நீங்கள் உட்காருங்கள். அவள் வயதுப் பிள்ளைகளோடு அவளை விடுங்கள். ஆபீசிலும் நாளை முதல் ஒரு ‘சொல்லுதேன்’ சொல்லிப் பாருங்கள். சிரித்தால், எந்த ஊர்ப் பேச்சு என்று நீங்களே சொல்லிவிடுங்கள். ஒளிக்காதவரைக் கேலி செய்வதில் யாருக்கும் வெகுநாள் ருசி இருக்காது.

அடுத்த லீவுக்கு டிக்கெட் போடுவதற்கு முன்பே உங்கள் அம்மாவிடம் பேசிவிடுங்கள். பேத்தி தப்பும் தவறுமாகப் பேசினால் யாரும் சிரிக்கக் கூடாது, அவள் சொன்னதையே சரியான உச்சரிப்பில் திருப்பிச் சொல்லிவிட்டு மேலே பேசினால் போதும் என்று சொல்லுங்கள். ஊர்ப் பிள்ளைகளை ஆச்சி ஒரு அதட்டு அதட்டினால் அடங்கிவிடுவார்கள். ‘பம்பாய்க்காரி’ என்று உங்களைச் சொல்வதையும் அந்தப் பிள்ளையின் காதுபட வேண்டாம் என்று கையோடு சொல்லிவிடுங்கள்.