கழுத்தில் ஒரு கருவி

கொவிட்-19 பரவியபோது, நோயாளியின் அருகில் இருந்தோரை விரைவாகக் கண்டறிய, சிங்கப்பூர் அரசு 2020இல் மக்களுக்குச் சிறு கருவியொன்றை இலவசமாக வழங்கியது. கழுத்தில் தொங்கவிடலாம், பையிலும் வைக்கலாம். கைத்தொலைபேசி இல்லாத முதியோருக்கும் அது உதவியது. அருகில் வரும் மற்றக் கருவிகளை அது புளூடூத் மூலம் பதிந்துகொள்ளும். 25 நாட்களின் பின் அப்பதிவு அழிந்துவிடும்.

நோய்த்தடுப்புக்கு மட்டும் என்று சொல்லப்பட்ட இப்பதிவுகளைக் குற்ற விசாரணைக்குப் பொலிஸாரும் பெறலாம் என்பது 2021 ஜனவரியில் பாராளுமன்றத்தில் தெரியவந்தது. மக்களிடையே அதிருப்தி எழுந்தது. அடுத்த மாதமே, ஏழு வகைப் பாரதூரமான குற்றங்களுக்கு மட்டும் எனச் சட்டம் வரையறுத்தது. 2023 பெப்ரவரியில் திட்டம் முடிவுற்றது.

நாம் கற்பது என்ன? நம்பிக்கை இல்லையேல் எந்தக் கருவியும் பயன்தராது. நம் விபரங்களைப் பதிய வருவோரிடம் மூன்று கேள்வி கேட்போம்: எதற்காக? யார் பார்ப்பார்கள்? எப்போது அழிப்பீர்கள்? நோயை மட்டும் மறைக்காதிருப்போம்.