விண்கல் எழுப்பிய அலையா? காற்று குவித்த மணலா?

சிவில் இரண்டாம் ஆண்டு செமினாருக்குத் தலைப்பு தேடியபோது, விண்கல் விழுந்து சுனாமி எழுந்த கதை கையில் சிக்கியது. "இதை எடுத்தா கிளாஸே வாயைப் பிளக்கும்டா" என்றான் பக்கத்து பெஞ்ச் நண்பன். நானும் நம்பினேன்.

விஷயம் இதுதான். மடகாஸ்கரின் தென்பகுதியில், ஃபெனாம்போசி என்னுமிடத்தில், 'வி' எழுத்து வடிவில் பிரம்மாண்டமான மணல்மேடுகள் கிடக்கின்றன. கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 180 மீட்டர் வரை ஏறியிருக்கின்றன. இந்தியப் பெருங்கடலில் ஏறத்தாழ 3,800 மீட்டர் ஆழத்தில் 'பர்க்கிள்' என்றொரு பள்ளம். அகலம் 29 கிலோமீட்டர். சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்த இடம் அது, அந்த அலைதான் மணலை வாரிக் கொட்டியது என்பது டல்லாஸ் அபாட் என்ற அமெரிக்க ஆய்வாளர் குழுவினரின் வாதம்.

எழுதியதை ஹைட்ராலிக்ஸ் சாரிடம் நீட்டினேன். படித்துவிட்டு ஒரே கேள்வி: "அங்க காத்து எந்தப் பக்கம்ப்பா அடிக்குது?"

முழித்தேன். தேடிப் பார்த்தபோதுதான் புரிந்தது. சுனாமியின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது: புவியீர்ப்பு முடுக்கத்தை ஆழத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் போதும். 3,800 மீட்டர் ஆழத்தில் மணிக்குச் சுமார் 695 கிலோமீட்டர். 10 மீட்டர் ஆழத்தில் வெறும் 36! கரைப்பக்கம் வேகம் குறையக் குறைய, சாய்வாக வரும் அலையும் வளைந்து கரைக்கு நேராகத் திரும்பும். மேடுகளோ அப்படி இல்லை. வழக்கமாகக் காற்று வீசும் திசையில் நீண்டிருக்கின்றன. ஜோன் புர்ஜ்வா, ராபர்ட் வெய்ஸ் இருவரும் 2009-ல் இதைக் கணக்குப் போட்டுக் காட்டி, இவை காற்று குவித்த மேடுகளே என்றார்கள்.

அந்த அம்மையார் விண்கல் என்றாலே மறுப்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். டெக்சாஸில் பிரேசோஸ் ஆற்றங்கரை மணல் அடுக்கைப் பார்த்து, 50 முதல் 100 மீட்டர் உயர அலை இட்டது இது என்று 1988-லேயே எழுதிய குழுவில் முதல் பெயர் அவருடையதுதான்! மெக்சிகோவின் சிக்சுலூப் பள்ளம் 1991-ல்தான் பரவலாக வெளிச்சத்துக்கு வந்தது. டைனோசர் காலத்தை முடித்த அந்த மோதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. விழுந்த பத்தாவது நிமிஷம், 220 கிலோமீட்டர் தள்ளி, ஒன்றரைக் கிலோமீட்டர் உயர அலை என்கிறது 2022-ல் வெளிவந்த கணிப்பு. நம் கரையைத் தாக்கிய 2004 சுனாமியைப்போல 30,000 மடங்குவரை சக்தி!

செமினாரில் மடகாஸ்கரையும் டெக்சாஸையும் போர்டில் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தேன். வாயைப் பிளந்தது என் நண்பன் ஒருத்தன்தான், அதுவும் கொட்டாவி. சார் மட்டும் இன்னொரு கேள்வி கேட்டார்: "பர்க்கிள் பள்ளத்தோட வயசை எப்படிக் கண்டுபிடிச்சாங்க?" மறுபடி லைப்ரரிக்குப் போனேன்.