போக்குவரத்து வடிவமைப்போரின் இணையத்தளம்

நடந்து செல்வோருக்கும் துவிச்சக்கர வண்டியிலும் பஸ்ஸிலும் செல்வோருக்கும் இசைய வீதிகளை வகுத்துக் கொடுக்கும் வடிவமைப்பு நிறுவனங்கள் இன்று பல நாடுகளில் உள. புகையைக் குறைத்து, வருந்தலைமுறைக்கும் நிலைக்கத்தக்க போக்குவரத்தை அமைத்தலே அவற்றின் குறிக்கோள். அத்தகைய நிறுவனமொன்று தன் இணையத்தளத்தைத் திருத்தியமைக்கப் புகுமாயின் முதலிற் கருதத்தக்கது யாது என்பதை ஈண்டு யாம் ஆராய்வாம்.

பெரிய படங்களையும் பெற்ற பரிசில்களையும் முகப்பில் நிரப்புவதே பெரும்பாலும் வழக்கமாயிருக்கின்றது. வேலை கொடுக்க வருவோருக்கு அஃது அமையும். தன் வாயிலிலுள்ள வீதி மாற்றப்படப் போகின்றது என்று கேள்வியுற்றுத் தேடி வருபவனுக்கோ அதனாற் பயனில்லை. கடைக்கு முன்னே வண்டி நிறுத்தலாமா, பஸ் தரிப்பிடம் எங்கே போகும், வேலை எப்பொழுது தொடங்கும் என்பனவே அவன் கேட்பவை.

கேட்பவனுடைய கேள்வியிலிருந்து தொடங்கிய திருத்தத்துக்கு இலண்டன் மாநகரின் நிலக்கீழ்ப் புகையிரதப் படம் தக்க சான்று. முன்னர் அது நிலப்படத்தையொட்டி வரையப்பட்டு வந்தது. நகர நடுவில் நிலையங்கள் நெருங்கிக் கிடந்தன. புறநகர்க் கிளைகளோ தாளுக்குள் அடங்கவில்லை. நிலத்தடியிற் செல்பவனுக்கு மேலேயுள்ள தெருவின் வளைவுகளால் ஆவதொன்றில்லை எனக் கண்டவர் ஹரி பெக் என்னும் படவரைஞர். 1931ஆம் ஆண்டில் அவர் கிடைக்கோடு, நிலைக்குத்துக் கோடு, 45 பாகைச் சரிவுக் கோடு என்பவற்றாலேயே பாதைகளை வரைந்தார், நடுப்பகுதியை விரித்தார், புறத்தேயுள்ள தொலைவுகளைச் சுருக்கினார், தேம்ஸ் நதியை மாத்திரம் அடையாளமாக விட்டுவைத்தார். புதுமை மிகுந்தது என்று அதிகாரிகள் முதலில் அதனை மறுத்தனர். 1933 சனவரியில் அது வெளிவந்ததும் பிரயாணிகள் விரும்பி ஏற்றனர்.

ஆயின், சுருக்கியதெல்லாம் தெளிவாகும் என்று மாணவர் கொள்ளற்க. 1972இல் மசிமோ விக்னெல்லி நியூயோர்க் நகருக்கு இம்முறை தழுவி அமைத்த படம் கண்ணுக்கு இனியதே. எனினும் நீண்டு கிடக்கும் சென்றல் பூங்கா அதிற் சதுரம் போலத் தோன்றிற்று. நிலையத்தை விட்டு மேலேறித் தெருவில் நடக்கவேண்டியவர்கள் குறை கூறினர். 1979இல் நிலப்படத்தையொட்டிய வேறொரு படம் அதனிடத்தைப் பெற்றது. 2025இல் விக்னெல்லியின் முறையைத் தழுவிய படமொன்று மீண்டும் வெளிவந்தது. வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை போலும்!

இனி, எடுத்த பொருளுக்கு வருவாம். பஸ் செல்லும் வழியைக் காட்டப் பெக்கின் கோடுகள் போதும். வீதி மாற்றத்தைக் காட்டும் பக்கத்திலோ மதிலும் மரமும் வாய்க்காலும் உள்ளபடி அளவுடன் வரல் வேண்டும். வீதியின் பெயரை எழுதியவுடன் அப்பக்கமே தோன்றுதல் வேண்டும். பார்வையற்றோருக்குக் கணினி எழுத்தை வாசித்துக் காட்டும் ஆதலின், ஒவ்வொரு படத்துக்கும் சொல்விளக்கம் இன்றியமையாதது. மங்கிய சாம்பல் நிற எழுத்து முதியோருக்குப் புலனாகாது. சாதாரண அளவுள்ள எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிர்வு விகிதம் 4.5:1 இற்குக் குறையலாகாது என உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் 2008ஆம் ஆண்டு நெறிமுறை கூறுகின்றது. முகப்பில் ஓடும் பெரிய அசைபடத்தை நீக்கிவிடுதல் நன்று என்பது எமது கருத்து. பழைய கைத்தொலைபேசியில் அது திறப்பதற்கு முன் பஸ் போய்விடும்.