பழைய படமும் பந்தயக் காரும்

கண்ணாற் காண்டல் யாவர்க்கும் எளிது. கண்டதனை ஆராய்ந்து இன்னதெனத் துணிதல் சிலர்க்கே கைகூடும். இவ்வுண்மையைப் பள்ளிகொண்டாவில் மாணவர் ஒருவரது இல்லத்தில் யாம் கண்ட பழைய புகைப்படம் ஒன்று எமக்கு நன்கு உணர்த்திற்று. அதனையே முன்னிட்டு, பழைய பந்தயக் கார்களைப் படங்கொண்டு அறியும் முறையை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

படத்தில் உள்ளது கூரையற்ற, மிகத் தாழ்ந்த கார் ஒன்று. ஓட்டுநர் தலைக்குப் பின்னே மீனின் முதுகுச் செட்டை போன்றதொரு தகடு நிமிர்ந்து நிற்கிறது. சென்னை மோட்டார்ப் பட்டறையொன்றில் வேலை பார்த்துக் காலஞ்சென்ற அம்மாணவரின் பாட்டனார், காக்கி உடையுடன் அக்காரின்மேல் கைவைத்து நிற்கிறார். படத்தின் பின்புறம் ‘சோழவரம்’ என்னும் ஒரு சொல்லே காணப்படுகிறது. இது இங்கிலாந்திலிருந்து வந்த ஜாகுவார் கார் என்பது வீட்டார் நெடுங்காலமாகக் கூறிவந்த செய்தி.

முதற்கண் இடத்தையும் காலத்தையும் நோக்குவாம். சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரம் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானத்தளம். 1953இல் மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தோன்றிய பின்னர், அவ்விமான ஓடுபாதையிற் பல்லாண்டு பந்தயங்கள் நடைபெற்றன. 1990இல் இருங்காட்டுக்கோட்டைப் பாதை ஏற்படவே பந்தயங்கள் ஆண்டுப் பெயர்ந்தன. எனவே, படத்தின் காலம் இவ்விரண்டு எல்லைகளுக்கும் இடைப்பட்டதாதல் வேண்டும்.

இனி, நம்மை மயக்குவன இரண்டு. ஒன்று, காரின்மேல் எழுதிய எண். அவ்வெண் பந்தயத்துக்கு உரியதேயன்றிக் காருக்கு உரியதன்று. பிரான்சு தேசத்து லெ மான் நகரில் நிகழும் இருபத்துநான்கு மணிப் பந்தயத்தில் ஜாகுவார் ‘டி’ வகைக் கார்கள் 1955, 1956, 1957 ஆகிய மூன்றாண்டும் வென்றன. வென்ற கார்களின் எண்களோ முறையே 6, 4, 3. மற்றொன்று நிறம். இத்தாலியரின் சிவப்பும் ஆங்கிலேயரின் பச்சையும் கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரே கருமையாய்த் தோன்றக்கூடும். தோல் பதனிடும் நம் பகுதியினர்க்கு இது புதிதன்று. கருஞ்சாயம் ஏற்றிய பின்னரும், மயிர்க்கண்கள் அமைந்த வரிசையை நோக்கி இது வெள்ளாட்டுத் தோல், இது செம்மறித் தோல் எனத் தேர்ந்தவர் கூறிவிடுவர். அவர் நிறத்தை நம்புவதில்லை.

காரில் மயிர்க்கண் போன்று உண்மை உரைப்பது சக்கரம். ஜாகுவார் ‘டி’ வகையின் சக்கரம் நடுவே ஒரே பெரிய மரையினால் இறுக்கப்படுவது. நம் படத்திலோ சிறு மரைகள் நான்கு வட்டமாகத் தெரிகின்றன. அன்றியும், பக்கவாட்டில் நேராக எடுத்த படமாயின் அளவுகோலும் துணைசெய்யும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரத்தைச் சக்கர வளையத்தின் விட்டத்தால் வகுத்தல் வேண்டும். படம் சிறிதாயினும் பெரிதாயினும் இவ்விகிதம் மாறாது. ஜாகுவார் ‘டி’ வகையில் அச்சுத் தூரம் ஏறத்தாழ 90½ அங்குலம், வளையம் 16 அங்குலம். ஆகவே விகிதம் 5⅔. நம் படத்தில் அளந்து கண்டது 6½. அக்காலத்து நம் நாட்டிற் பெருவழக்கான பியட் 1100 காரில் அச்சுத் தூரம் 92 அங்குலம், வளையம் 14 அங்குலம். வகுத்தால் 6½க்குச் சற்று மேல்!

அந்நாளிற் பிறநாட்டுப் பந்தயக் கார்களை வரவழைத்தல் அரிது. ஆதலின் நம்மவர் பியட், ஹெரால்டு முதலிய கார்களின் பாகங்களைக் கொண்டு தாமே பந்தயக் கார்களை இயற்றி, அவற்றை ‘ஸ்பெஷல்’ என வழங்கினர். நம் படத்துக் காரும் அவ்வினத்தது என்பதே சான்றுகளுக்கு இயைந்த முடிபு.

இம்முடிபைக் கூறியபோது வீட்டார் முகம் வாடிற்று. ஆயின், மூலையில் அமர்ந்திருந்த பாட்டியார், “‘இந்தத் தகட்டை நான்தான் தட்டினேன்’ என்று அவர் சொல்வார். ஜாகுவாரை இவர் எங்கே தட்டினார் என்று நாங்கள் சிரித்துவிடுவோம்,” என்று கூறிப் படத்தை வாங்கி மடிமேல் வைத்துக்கொண்டார். பிழையான பெயர் ஒன்று, உழைத்தவர் வாய்மொழியை அவர் மனையிலேயே பொய்யாக்கியிருந்தது.

மாணவ நண்பர்காள்! நும் இல்லங்களிலும் இத்தகைய படங்கள் இருத்தல் கூடும். அறிந்த முதியோர் உள்ளபோதே அவர்களை வினவி, இடமும் ஆண்டும் நிற்பவர் பெயரும் படத்தின் பின்னே மென்மையான பென்சிலால் எழுதி வைமின். கேட்டதைக் கேட்டதென்றும், அளந்ததை அளந்ததென்றும் பிரித்து எழுதுமின். நமக்குப்பின் வருவார்க்கு அதுவே சான்றாகும்.